வால்வை மூடிய அண்ணன்

ஊரார் வீட்டுக் குழாய்கள் ஒழுகாமல் பார்த்துக்கொள்வது என் தொழில். என் வீட்டில் தங்கை தண்ணீரையெல்லாம் வண்ணமாக்கிச் சாக்கடைக்கு அனுப்பிக்கொண்டிருந்தாள்.

அவள் ஓவியர். அவள் படத்தில் மனிதரோ மரமோ இருக்காது, வண்ணமும் கோடும்தான். வருடத்தில் இரண்டு மாதம் பாலைவனத்தில் கூடாரம் போட்டு வரைவாள். இந்த முறை அவள் திரும்பியபோது, கண்காட்சிக் கூடத்தின் பெரிய சுவரை அவளுக்கு ஒதுக்கியிருந்தார்கள். பதினெட்டு வருடமாக அவள் ஏங்கிய சுவர். வெள்ளிக்கிழமைக்குள் புதிய படம் வராவிட்டால் வேறொருவருக்குப் போய்விடும். திங்கட்கிழமைக்குள் நான்கு கேன்வாஸைப் பாழாக்கியிருந்தாள்.

"அங்க வந்த கை இங்க வரமாட்டேங்குதுண்ணா" என்று மாடிப்படியில் உட்கார்ந்து அழுதாள். யாராவது அழுதால் எனக்குக் கோபம்தான் வரும்.

"அங்க பிரஷ் கழுவ எவ்ளோ தண்ணி?"

"ஒரு நாளைக்கு ஒரு குவளை. லாரி வாரத்துக்கு ஒரு தடவைதான் வரும்."

"இங்க?"

உள்ளே குழாய் திறந்தபடி கிடந்தது. நீலம் பூசி, பிடிக்காமல் கழுவி, மஞ்சள் பூசி, அதையும் கழுவிக் கேன்வாஸ் சேறாகியிருந்தது. அங்கே தப்பை அழிக்கத் தண்ணீர் கிடையாது. அதனால் யோசித்துக் கோடு போட்டிருக்கிறாள்.

செவ்வாய்க் காலை மாடியேறி, தண்ணீர்த் தொட்டியின் வால்வை மூடி, கைப்பிடியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டேன். குடிக்க மட்டும் ஒரு குடம் பிடித்து வைத்தேன்.

வீடே ரெண்டுபட்டது. "பிளம்பர் வீட்டுல தண்ணி வரலன்னா ஊரே கைகொட்டிச் சிரிக்கும்!" என்றாள் என் மனைவி. "உனக்கென்ன பைத்தியமா?" என்று தங்கை பாய்ந்தாள். அவள் முன்னால் ஒரு குவளையை வைத்தேன்.

"இன்னைக்கு இவ்ளோதான்."

மதியம்வரை புதிய கேன்வாஸையே வெறித்துக்கொண்டிருந்தாள். காரியத்தைக் கெடுத்துவிட்டோமோ என்று பையிலிருந்த கைப்பிடியை இரண்டு முறை வெளியே எடுத்து, திரும்ப உள்ளே போட்டேன். பிறகு எழுந்தாள். இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை ஒரே ஒரு காவிக் கோடு இழுத்தாள். அழிக்கவில்லை.

வியாழன் மாலைக்குள் மூன்று குவளை, பதினோரு கோடுகள்.

மூன்று நாளாகப் பக்கத்து வீட்டில் குளித்துவந்த கடுப்போடுதான் மனைவி வெள்ளிக் காலை படத்தின் ஒரு முனையைப் பிடித்துக் கண்காட்சிக் கூடத்துக்கு வந்தாள். பொறுப்பாளர் படத்தின் முன்னால் நின்றார். அவர் போன் அடித்து அடித்து ஓய்ந்தது.

"நடுவுல மாட்டுங்க" என்றார். "பக்கத்துச் சுவர்ல இருக்கறதையும் கழட்டிடுங்க. இதுக்கு இடம் வேணும்."

பக்கத்துச் சுவரில் இருந்ததைக் கழற்ற நானே ஓடினேன். மனைவி மட்டும் படத்தைவிட்டு நகரவில்லை. ஓவியம் என்றால் காலண்டர் என்று நினைப்பவள் அவள்.

"ஏன்னே தெரியல" என்றாள் மெதுவாக. "இதப் பாத்தா தாகமா இருக்கு."

தங்கை ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டாள்.

"பதினெட்டு வருஷமா அதத்தான் அண்ணி வரைஞ்சிட்டிருக்கேன்!"

நான் பையிலிருந்து வால்வின் கைப்பிடியை எடுத்து நீட்டினேன். தங்கை அதைப் பிடுங்கித் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

"அடுத்த தடவை நானே மூடிக்கறேன்."