கால்வாய்க்கரை ரோடு

கொச்சியில் மட்டாஞ்சேரி பஜாரில் மிளகும் சுக்கும் வாங்கி விற்றுப் பெரிய ஆளானவர் சுப்புராஜ். வியாபாரிகள் சங்கத்துக்குப் பல வருஷம் தலைவர். லாரி வாடகைத் தகராறோ, சுமைதூக்கிகளின் வேலைநிறுத்தமோ, அவர் ஒரு சாயா குடித்து முடிப்பதற்குள் தீர்ந்துவிடும் என்பார்கள். எழுபத்தேழில் சட்டமன்றத் தேர்தல் வந்தபோது சங்கத்துக்காரர்கள் மாலையைப் போட்டு அவரைச் சுயேச்சையாக நிறுத்தினார்கள்.

செலவைச் சங்கம் பார்த்துக்கொண்டது. ஓட்டைக் கொண்டுவந்தவள் சீனியம்மாள். அவருடைய சரக்குக் கிட்டங்கியில் சுக்குப் புடைக்கிறவள். கிட்டங்கிகளுக்குப் பின்னால் கால்வாய்க்கரையில் குடிசை போட்டிருந்த தமிழ்க் குடும்பங்களுக்கு அவள் சொல்தான் சொல்.

"நம்ம மொதலாளி ஜெயிச்சா நம்ம குடிசையில எவனும் கை வைக்க மாட்டான்" என்று வீடுவீடாக ஏறி இறங்கினாள். சுப்புராஜும் கரையில் நின்று, எல்லோர் முன்னாலும் அந்த வாக்கைக் கொடுத்தார். அன்றைக்கு அதை மனசாரத்தான் கொடுத்தார்.

ஜெயித்த பிறகுதான் சங்கத்தின் புதிய தலைவர் வெங்கிடாசலம் ரோட்டுப் பேச்சை எடுத்தார். கிட்டங்கி வாசலுக்கு லாரி வரவேண்டுமானால் கால்வாய்க்கரையில்தான் ரோடு போட முடியும். முன்பு சங்கத் தலைவராக இருந்தபோது அதற்கு முதன்முதலில் மனுப் போட்டவரே சுப்புராஜ்தான்.

"அப்ப நீங்க கேட்டீங்க. இப்ப குடுக்கற எடத்துல நீங்களே இருக்கீங்க" என்று சிரித்தார் வெங்கிடாசலம்.

சுப்புராஜ் மறுக்கவில்லை. ஒன்றே ஒன்று கேட்டார்: "நான் சட்டசபைக்குத் திருவனந்தபுரம் போயிருக்கறப்ப முடிச்சிடுங்க." எந்த வாரம் என்பதையும் அவரே சொன்னார்.

அப்படியே நடந்தது. அவர் திரும்பி வந்தபோது குடிசைகள் இருந்த இடத்தில் செம்மண் கொட்டிக் கிடந்தது. "ஐயோ, நான் ஊர்ல இல்லாத நேரம் பாத்து இப்படிப் பண்ணிட்டாங்களே" என்று கேட்டவர்களிடமெல்லாம் சொன்னார். புது ரோட்டில் முதல் லாரி வந்த அன்று தேங்காய் உடைக்கக் கூப்பிட்டார்கள். காய்ச்சல் என்று சொல்லிப் படுத்துக்கொண்டார்.

எண்பதில் மறுபடி தேர்தல் வந்தது. கரைக்காரர்கள் ஊருக்கு வெளியே வைட்டிலாவுக்கு அப்பால் வயலை மண்போட்டு மேடாக்கிக் குடியிருப்பதாக வெங்கிடாசலம் விசாரித்து வைத்திருந்தார். "அவங்க பேரெல்லாம் இன்னும் நம்ம தொகுதியிலதான் இருக்கு. போய்க் கூட்டிட்டு வாங்க" என்று அனுப்பிவைத்தார்.

காரைப் பார்த்ததும் சீனியம்மாள் ஓடி வந்தாள். பாய் விரித்து, பால் இல்லாத கட்டன் சாயா கொடுத்தாள். சுற்றி நின்ற பெண்களைப் பார்த்து, "மொதலாளி மட்டும் ஊர்ல இருந்திருந்தா அன்னைக்கு அது நடந்திருக்குமா? குறுக்க விழுந்து தடுத்திருப்பாரு" என்றாள்.

சுப்புராஜ் கிளாசைக் கையில் வைத்துக்கொண்டிருந்தார். தலையாட்டிவிட்டு ஓட்டுக் கேட்டுத் திரும்பியிருக்கலாம். அதற்குத்தான் வந்தார். ஆனால் அவள் முகத்தில் இருந்த நம்பிக்கையை அதற்கு மேல் பார்க்க முடியவில்லை.

"சீனியம்மா, நான் ஊர்ல இல்லாமப் போனதே அதுக்காகத்தான். நாள் குறிச்சுக் குடுத்தது நான்."

யாரோ ஒருத்தி மண்ணை வாரித் தூற்றினாள். சீனியம்மாளும் தூற்றுவாள் என்று சுப்புராஜ் தலைகுனிந்து காத்திருந்தார். அவள் அவர் கையிலிருந்த கிளாசை வாங்கி, மிச்சச் சாயாவைக் கீழே ஊற்றினாள்.

"இங்க குடிக்கத் தண்ணி இல்ல. பொம்பளைங்க குடத்தைத் தூக்கிட்டு ரொம்பத் தூரம் நடக்குறோம். குழாய் போட்டுக் குடுங்க."

"போட்டுடறேன். நீ என்னை மன்னிச்சு..."

"குழாய் போடுங்க மொதலாளி. மத்ததை எங்கிட்ட கேக்காதீங்க."

அந்தத் தேர்தலில் அவர் நிற்கவில்லை. சங்கத்துக்காரர்கள் பைத்தியம் என்றார்கள். பதவி போன பிறகு குழாய்க்காக ஆபீஸ் ஆபீஸாக அலைந்தார். முன்பு அவரைக் கண்டதும் எழுந்து நின்ற குமாஸ்தாக்கள் பெஞ்சில் உட்காரச் சொன்னார்கள். உட்கார்ந்தார். எண்பத்தொன்றில் ஒருவழியாக அந்த மேட்டுக்குத் தண்ணீர் வந்தது.

விழா வேண்டாம் என்று சொல்லிவிட்டு, ரோட்டோரம் தனியாக நின்று பார்த்தார். முதல் குடத்தை வைத்தவள் சீனியம்மாள். நிறைந்ததும் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு அவரைக் கடந்து போனாள். திரும்பிப் பார்க்கவில்லை. அடுத்தவள் குடத்தை வைத்தாள்.

காரில் ஏறியதும் டிரைவர், "பெரிய புண்ணியம் செஞ்சீங்க சார்" என்றான்.

"வண்டிய எடு" என்றார் சுப்புராஜ்.