பதினாறு ஜோடி இரும்பு

இந்தியா இருபத்தோராம் நூற்றாண்டுக்குள் காலடி எடுத்துவைக்கப் போவது ராஜபாளையத்துத் தகரக் கொட்டகை ஒன்றின் வழியாகத்தான் என்பதில் சேதுபதி சாருக்குச் சந்தேகமே இருந்ததில்லை. பிளஸ் டூ தொழிற்கல்விப் பிரிவின் பட்டறை அது. ஆண்டு விழாவில் மைக்கைப் பிடித்தால் இதைச் சொல்லாமல் இறங்க மாட்டார். கொட்டகைக்குள் இரும்பு ராவும் அரம் இருபது இருந்தது. எழுபத்தொன்பதில் வந்தவை. எட்டு வருஷத்தில் பல் மழுங்கி, இப்போது முதுகு சொறியத்தான் லாயக்கு.

செய்முறைத் தேர்வில் ஒரே வேலைதான். இரண்டு இரும்புத் தகடுகளை ராவி, ஒன்றின் மேடு மற்றதன் பள்ளத்தில் வெளிச்சம் தெரியாமல் உட்காரும்படி செய்ய வேண்டும். அந்த அரங்களை வைத்துக்கொண்டு மூன்று மணி நேரத்தில் அது நடக்காது என்று சாருக்குத் தெரியும். ஒருத்தன் தோற்றாலும் பிரிவை மூடி, தன்னைத் தண்ணியில்லாத ஊருக்குத் தூக்கிவிடுவார்கள் என்பதும் தெரியும். ஆகவே வருஷந்தோறும் முத்து முகம்மது பாயின் லேத் பட்டறையில் ரகசியமாகச் சொல்லிவைப்பார். வெளித்தேர்வாளர் வடை தின்னப் போகும் கால் மணி நேரத்தில், பையன்களின் சட்டைக்குள்ளிருந்து தகடுகள் மேஜைக்கு வந்துவிடும். இந்த வருஷம் பதினேழு பையன்கள். சார் பதினாறு ஜோடிதான் சொன்னார். மொக்கைச்சாமிக்கு எதற்கு? வகுப்பில் அவன் ஒருவனுக்குத்தான் நிஜமாகவே தொழில் தெரியும்.

வெளித்தேர்வாளர் ஞானதுரை, ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பள்ளியில் இதே பாட ஆசிரியர். இன்று அவர் இங்கே. நாளை சேதுபதி சார் அங்கே. வடை முடிந்து வந்தவர், நீதிபதியின் முகத்தோடு ஒவ்வொரு ஜோடியாக ஜன்னலுக்கு நேரே உயர்த்திப் பார்த்தார். பதினாறிலும் மயிரிழை வெளிச்சம் இல்லை. பதினேழாவதன் வழியே வெளியில் நின்ற முருங்கைமரம் தெரிந்தது. காய்களை எண்ணலாம்.

"யாருலே இது?"

மொக்கைச்சாமி எழுந்தான். உள்ளங்கை முழுக்கக் கொப்புளம்.

"பதினாறு பேரு கண்ணாடி கணக்கா செஞ்சிருக்கான். ஒனக்கு மட்டும் என்னலே கேடு? சேதுபதி சார், இவனைப் பாஸ் போட்டா நம்ம தொழிலுக்கே அவமானம்யா."

சேதுபதி சார் அவசரமாகக் குறுக்கே வந்தார். "நல்ல பையன் சார். வ. புதுப்பட்டியிலருந்து ரெண்டு பஸ் மாறி வாரான்..."

"எத்தனை பஸ்னு நான் கேட்டனா?"

"அரத்துல பல்லே இல்ல சார்," என்றான் மொக்கைச்சாமி. "அந்தப் பதினாறும் நாந்தான் செஞ்சேன். அது பட்டறை அரம்."

சேதுபதி சார் கதவு எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று பார்த்தார்.

"எந்தப் பட்டறை?"

"முத்து முகம்மது பாய் பட்டறை சார். சாயங்காலம் அங்கதான் வேலை பாக்கேன்."

ஞானதுரையின் முகத்திலிருந்து நீதிபதி மெல்ல இறங்கிப் போனார். ஞானதுரை அவனை மூலைக்குத் தள்ளிக்கொண்டு போனார். சேதுபதி சார் காதைத் தீட்டினார்.

"ஏலே, பாய்ட்ட இன்னொரு ஆர்டர் கெடந்துச்சே..."

"ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பதினாலு ஜோடியா சார்? அதுவும் நாந்தான். முந்தாநாளே முடிஞ்சிருச்சு. வாங்க ஆளக் காணோமேன்னு பாய் ஏசுதாரு."

ஞானதுரை நாற்காலிக்குத் திரும்பி, பேனாவைத் திறந்தார். பதினாறு பேருக்கும் ஐம்பதுக்கு நாற்பத்தெட்டு. மொக்கைச்சாமிக்குப் பதினெட்டு, அதற்குக் கீழே போனால் பெயில்.

"எல்லாத்தையும் செஞ்சதே அவன்தானே சார்," என்றார் சேதுபதி சார், உயிர் திரும்பிய தைரியத்தில்.

"இருக்கலாம்யா. முருங்கமரம் தெரிஞ்சுச்சே. ரெக்கார்டுன்னு ஒண்ணு இருக்குல்ல?"

"பாஸ்தான சார்?" என்றான் மொக்கைச்சாமி. மில்லில் சேர அது போதும்.

"பாஸ்தான், போ." ஞானதுரை மதிப்பெண் கட்டுக்கு அரக்கு முத்திரை வைத்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "சேதுபதி சார், நான் இதை ஆபீஸ்ல ஒப்படைக்க நேரே போகணும். நாளைக்கு எப்படியும் நீங்கதான அங்க வாரிய? பாய்ட்ட கெடக்குற பதினாலையும் அப்படியே..."

மறுநாள் காலை ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில், அரசு நியமித்த வெளித்தேர்வாளரின் மடியில் ஒரு துணிப்பை இருந்தது. துருப்பிடிக்காமலிருக்க பாய் எதையும் கிரீஸ் தடவித்தான் கொடுப்பார். இறங்கும்போது சாரின் வெள்ளை வேட்டியில், சரியாக நடுவில், கறுப்பாகக் கறை இருந்தது.