அஞ்சறைப் பெட்டியில் ஒரு மஞ்சள் மாத்திரை

சின்னாளபட்டியில் பொழுது விடிந்துவிட்டது என்பதற்கு இரண்டு அடையாளம் உண்டு. ஒன்று தறிச் சத்தம். மற்றது ஆண்டிச்சாமியின் மருந்துக் கடையில் கேட்கும் கத்தரிக்கோல் சத்தம். தறியாவது பாவு இல்லை, நூல் இல்லை என்று அவ்வப்போது நிற்கும். கத்தரிக்கோல் நின்றதே இல்லை. தறிக்குழியில் உட்கார்ந்து விட்டுப்போன இடுப்பும், சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போட்டுப் போட்டு மரத்துப்போன விரலும் கடைசியில் வந்து சேருகிற இடம் அதுதான்.

“ஏப்பா டாக்டரு, இடுப்பு கழண்டு போச்சு. ஒரு செட்டுக் குடு” என்றாள் மாயக்காள்.

செட்டு என்றால் மாத்திரை அட்டையிலிருந்து வெட்டி எடுத்த மஞ்சள் ஒன்று, வெள்ளை ஒன்று, வயிறு புண்ணாகாமல் இருக்க ரோஸ் ஒன்று. மூன்றையும் பழைய பேப்பர்த் துண்டில் மடித்துக் கொடுத்தால் வைத்தியம் முடிந்தது. எது எதற்கு என்று யாரும் கேட்பதில்லை. பஞ்சாமிர்தத்தில் என்னென்ன போட்டீர்கள் என்று பூசாரியிடம் கேட்போமா?

“ஒண்ணும் செய்யாதுல்ல?”

“ஒண்ணும் செய்யாது ஆத்தா. நான் திங்காத மாத்திரையா? என்னையப் பாரு, திண்டுக்கல்லு மலை கணக்கா நிக்கேன்.”

“ஆமா, அது உச்சியிலயும் ஒரு புல்லு கெடையாது” என்று அவருடைய தலையைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனாள் மாயக்காள். கடை வாசலே சிரித்தது. ஆண்டிச்சாமியும் வழுக்கையைத் தடவிக்கொண்டு சிரித்தார்.

கடைச் சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் ஒரு மருந்தாளுநர் சான்றிதழ் தொங்கியது. அதற்குச் சொந்தக்காரர் கடைக்கு வந்தது ஒரே ஒரு முறை, திறப்பு விழாவன்று. கேசரி நன்றாயிருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனவர்தான். ஆண்டிச்சாமி படித்தது பத்தாவது வரை, அதிலும் கணக்குப் பரீட்சைக்குப் போகவில்லை. மீதிப் படிப்பையெல்லாம் மாத்திரையின் நிறத்தைப் பார்த்தே படித்துக்கொண்டார். முதலில் ஊர் அவரைக் கேலிக்குத்தான் டாக்டர் என்றது. கேலி நாள்பட்டால் பட்டமாகிவிடும். நம்மூரில் பாதிப் பேர் பட்டம் வாங்கியது அப்படித்தானே.

ஆண்டிச்சாமி மகா வாயாடி. வலியோடு வருகிறவனைச் சிரிக்க வைத்து அனுப்புவார். அவர் வாய் சும்மா இருந்து யாரும் பார்த்ததில்லை. ஒரே ஒரு முறை சும்மா இருந்தது. அந்த ஒரு முறைதான் இந்தக் கதை.

மகள் ஜீவிதாவை ஒட்டன்சத்திரத்தில் கட்டிக்கொடுத்திருந்தார். கரு இரண்டு தடவை கலைந்து, கும்பிடாத சாமியெல்லாம் கும்பிட்டு, மூன்றாவதாகத் தங்கியது. வளைகாப்பு முடிந்து தலைப்பிரசவத்துக்கு அம்மா வீடு வந்தவளுக்கு இடுப்புவலி பிடித்துக்கொண்டது. சுகாதார நிலையத்து நர்ஸ் வந்து பார்த்து, “ஒருக்களிச்சுப் படு, வெந்நி ஒத்தடம் குடு, தாங்கலைன்னா டாக்டரம்மாகிட்ட வா” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஆண்டிச்சாமிக்கு மனசு கேட்கவில்லை. ஊர் வலியெல்லாம் தீர்க்கிறவன் வீட்டில் சொந்த மகள் முனகுவதா? மஞ்சள் மாத்திரையை இரண்டாக உடைத்தார்.

“பாதிதேன் தாயி. ஒண்ணும் செய்யாது.”

பாதியில் வலி குறைந்தது. குறைந்த வலி திரும்பி வந்தபோது பாதி முழுசானது. முழுசு, காலையும் சாயங்காலமும் என்றானது. எடுக்கக் கொள்ளத் தோதாக இருக்கட்டுமென்று அவருடைய மனைவி ஒச்சம்மாள் அஞ்சறைப் பெட்டியில் வெந்தயக் கிண்ணத்தைக் காலி செய்து மாத்திரையைப் போட்டு வைத்தாள். கடுகு, சீரகம், மல்லி, அதற்குப் பக்கத்தில் மஞ்சள் மாத்திரை.

எட்டாம் மாத ஸ்கேனுக்குத் திண்டுக்கல் போனார்கள். டாக்டர் அறிவுச்செல்வி ஜீவிதாவின் வயிற்றில் கருவியை நகர்த்திக்கொண்டே பேச்சுக் கொடுத்தவர், ஓர் இடத்தில் பேச்சை நிறுத்தினார். கருவி அதே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போனது.

“எழுதிக் குடுத்த சத்து மாத்திரை தவிர வேற ஏதாவது மருந்து சாப்பிடுறியாம்மா?”

“இல்லையே டாக்டர்” என்றாள் ஜீவிதா.

அவள் பொய் சொல்லவில்லை. மருந்து என்பது டாக்டர் சீட்டில் எழுதுவது. அஞ்சறைப் பெட்டியில் இருப்பதை யாராவது மருந்து என்பார்களா? மருந்துக் கடைக்காரன் வீட்டில் வளர்ந்த பிள்ளைக்கு அது சாம்பார்ப் பொடி மாதிரி ஒரு வீட்டுச் சாமான்.

அவள் பாத்ரூம் போன நேரத்தில் டாக்டர் ஆண்டிச்சாமியை அருகில் கூப்பிட்டார்.

“ஐயா, வயித்துக்குள்ள இருக்கற குழந்தை மூச்சு விடாது. நுரையீரலுக்கு வேலை இல்ல. அதனால ரத்தம் அங்க போகாம ஒரு சின்னக் குழாய் வழியா சுத்திப் போயிரும். லாரியெல்லாம் திண்டுக்கல்லுக்குள்ள வராம பைபாஸ்ல போகுதுல்ல, அது மாதிரி. பொறந்து மூச்சு விட்டப்புறம்தான் அந்தக் குழாய் மூடணும். உங்க பேரப்பிள்ளைக்கு இப்பவே மூட ஆரம்பிச்சிருக்கு.”

“மூடுனா என்னங்கம்மா?”

“பைபாஸை அடைச்சா எல்லா லாரியும் எங்க போயி முட்டும்? இதயத்தோட வலது பக்கம் அப்படித்தான் முட்டிக்கிட்டு நிக்குது, வீங்கிப்போய். தாய்க்கு உள்ள போறது எல்லாம் பிள்ளைக்கும் போகுதுங்க. கடைசி மாசங்கள்ல சில வலி மாத்திரைங்க சாப்பிட்டா இப்படி ஆகும். அதுதான் காரணம்னா நல்லது. நிறுத்தினா முக்கால்வாசி தானாத் திறந்துக்கும்.” டாக்டர் அவர் முகத்தைப் பார்த்தார். “வீட்ல யாரும் வலி மாத்திரை குடுக்கலையே?”

கடை, சுவரில் தொங்கும் சான்றிதழ், அதில் இருக்கிற யாரோ ஒருவரின் பெயர், ‘டாக்டரு’ என்று கூப்பிடுகிற ஊர், ஒட்டன்சத்திரத்துச் சம்பந்தி வீடு எல்லாம் ஆண்டிச்சாமியின் நெஞ்சுக்குள் வந்து முட்டின.

“சேச்சே” என்றார்.

“நீங்க என்ன வேலை பாக்குறீங்க?”

“சும்மா... ஏதோ யாவாரம்.”

“அப்ப வேற காரணம் தேடணும். மதுரைக்கு எழுதித் தாரேன். அங்க நாள் கிடைக்க லேட்டானா அடுத்த வாரம் இங்கயே வாங்க, மறுபடி பாத்துருவோம்.”

மதுரையில் நாள் கிடைக்கத் தாமதமானது. ஆண்டிச்சாமிக்கு அதில் ஒரு ரகசிய நிம்மதி. நிறுத்தினால் தானே திறக்கும் என்று டாக்டரே சொல்லிவிட்டார். சத்தமில்லாமல் நிறுத்திவிட்டால் யாருக்கும் தெரியாமல் எல்லாம் சரியாகிவிடும். ஸ்கேனிலிருந்து வந்த அன்றைக்கே அஞ்சறைப் பெட்டியைத் திறந்து மாத்திரைகளை அள்ளிக்கொண்டார்.

“இனிமே இது வேணாம் தாயி.”

“ஏம்ப்பா?”

“சும்மாத்தேன். பழக்கமாயிரக் கூடாதுல்ல.”

காரணத்தை மகளிடமும் சொல்லவில்லை, மனைவியிடமும் சொல்லவில்லை. அன்றைக்கு அவர் வாய் திறந்திருந்தால் போதும். ஊருக்கெல்லாம் கதை சொல்கிற வாய்.

அந்த வாரம் ஜீவிதா முனகவில்லை. அதைப் பார்த்து, பழனி ஆண்டவன் கண் திறந்துவிட்டான், குழாயும் திறந்திருக்கும் என்று அவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

மறு ஸ்கேனில் டாக்டர் பேச்சே கொடுக்கவில்லை. திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். “குழாய் கிட்டத்தட்ட மூடிருச்சு. இதயத்தைச் சுத்தி நீர் கோத்திருக்கு. இப்பவே மதுரைக்குக் கிளம்பணும்.”

ஆண்டிச்சாமி சுவரைப் பிடித்துக்கொண்டார்.

“நாந்தேன் டாக்டரம்மா. நாந்தேன் வலி மாத்திரை குடுத்தேன். மருந்துக் கடைதேன் வச்சிருக்கேன். ஆனா போன தடவை வந்தன்னிக்கே நிறுத்திட்டேன். சத்தியமா நிறுத்திட்டேன்!”

கட்டிலில் படுத்திருந்த ஜீவிதா தலையைத் திருப்பினாள்.

“எதைப்பா? அந்த மஞ்ச மாத்திரையவா? இன்னைக்குக் காலையிலகூட அம்மா குடுத்துச்சே.”

வாசல் பக்கம் நின்றிருந்த ஒச்சம்மாளுக்கு எதுவும் விளங்கவில்லை. தினமும் கடைக்குச் சோறு கொண்டுபோகிறவள். மகள் துடிக்கிறாளே, இந்த மனுசனுக்கு வயசாக ஆகக் கஞ்சத்தனம் கூடிப்போச்சே என்று அவர் கை கழுவப் போகிற நேரத்தில் அட்டையில் வெட்டி மடியில் போட்டு வந்திருக்கிறாள்.

“நீங்கதேன ஒண்ணும் செய்யாதும்பீக?” என்றாள். சண்டைக்குக் கேட்கவில்லை. நிஜமாகவே கேட்டாள். “ஊருக்கே அப்படித்தேன சொல்லுவீக?”

டாக்டர் கத்தியிருந்தால்கூட ஆண்டிச்சாமிக்குத் தாங்கியிருக்கும். “போன வாரம் கேட்டேனேய்யா” என்றார், அவ்வளவுதான். பிறகு ஜீவிதாவிடம், “வலின்னா எங்கிட்டச் சொல்லியிருக்கலாமேம்மா. குழந்தைக்கு ஆகற மருந்தும் இருக்கே” என்று சொல்லிவிட்டு மதுரைக்குப் போன் போட்டார்.

அன்றைக்கே மதுரையில் வயிற்றைக் கிழித்துக் குழந்தையை எடுத்தார்கள். பெண் பிள்ளை. அழ ஆரம்பித்தது, பாதியிலேயே நீலம் பாரித்தது. குழாய்களும் மிஷின்களும் மறுநாள் விளக்கு வைக்கிற நேரம் வரை போராடின. துணியில் சுற்றிக் கொடுத்ததை ஆண்டிச்சாமிதான் வாங்கினார். கடைக்கு வருகிற மருந்துப் பெட்டிகள் அதைவிடக் கனமானவை.

ஜீவிதாவுக்குப் பால் கட்டி மார் கல்லாகிவிட்டது. நர்ஸ் மாத்திரை நீட்டியபோது முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். “எனக்கு எந்த மாத்திரையும் வேணாம்.” அது டாக்டர் எழுதியது, ஆபத்தில்லாதது என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தார்கள். அவள் மாத்திரையைத் தொடவில்லை.

மருமகன் வந்து கூட்டிப்போகிற அன்று காரில் ஏறும் முன் அப்பாவிடம் அவள் பேசியது கொஞ்சம்தான்.

“தெரியாமக் குடுத்தீங்கப்பா. அதைக்கூட நான் மறந்துருவேன். தெரிஞ்சப்புறம் எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே.”

அதற்குப் பிறகு அவள் போன் செய்யவில்லை.

ஆண்டிச்சாமி செட்டு வெட்டுவதை நிறுத்திவிட்டார். சான்றிதழைக் கழற்றி உரியவருக்கே அனுப்பிவிட்டார். மருந்து அலமாரியைக் காலி செய்து, சோப்பும் பல்பொடியும் பிள்ளைகளுக்கான பவுடரும் விற்கிறார். பவுடர் டப்பாவை மட்டும் கண்ணில் படாத மேல்தட்டில் வைத்திருக்கிறார். இதனால் ஊர் திருந்தியதா? எதிர்ப்பக்கம் புதிதாக ஒரு மருந்துக் கடை வந்தது. அங்கேயும் சுவரில் ஒரு சான்றிதழ், அதே கண்ணாடிச் சட்டம்.

ஒரு காலையில் மாயக்காள் பழைய ஞாபகத்தில் இவர் கடையில் வந்து நின்றாள்.

“செட்டு இருக்கா?”

“இல்ல ஆத்தா. உனக்குத்தேன?”

“எனக்குந்தேன். மருமகளுக்கும் ஒரே இடுப்புவலி. மாசம் ஏறிக்கிட்டுப் போகுதுல்ல. என் மாத்திரையில பாதியக் குடுத்தாச் செத்த நேரம் கண்ணசருவா.”

ஆண்டிச்சாமி பதறி எழுந்தார். “ஆத்தா, குடுக்காத!”

“அட, பாதிதேன்ப்பா” என்று சொல்லிக்கொண்டே மாயக்காள் ரோட்டைக் கடந்து எதிர்க்கடைக்குப் போய்விட்டாள். அங்கிருந்து ஓர் இளங்குரல் கேட்டது. “ஒண்ணும் செய்யாது ஆத்தா.”

ஆண்டிச்சாமி செருப்புக்கூடப் போடாமல் நடுரோட்டுக்கு ஓடினார். டவுன் பஸ் பிரேக் அடித்து நின்றது. டிரைவர் வைது தீர்த்தார். ஆண்டிச்சாமி காதில் எதுவும் விழவில்லை.

“செய்யும் ஆத்தா! ஒண்ணும் செய்யாத மாத்திரைன்னு ஒலகத்துலயே ஒண்ணு கெடையாது. ஒண்ணும் செய்யாதுன்னா அதை எதுக்குத் திங்கணும்? ஆத்தாளுக்குப் போறது அம்புட்டும் வயித்துக்குள்ள இருக்க அந்தச் சின்ன நெஞ்சுக்கும் போகுது. டாக்டரைக் கேக்காம புள்ளத்தாச்சிக்கு ஒத்த மாத்திரை குடுக்காதீக. குடுத்துத் தொலைச்சிருந்தா, அதை மறைக்காதீக. நான் மறைச்சேன். என் பேத்தியப் பொதைச்சேன்!”

பஸ்ஸில் இருந்தவர்கள் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார்கள். சிலர் சிரித்தார்கள். வாயாடி டாக்டர் புதிதாக ஏதோ வேடிக்கை காட்டுகிறார் என்று அவர்களுக்கு நினைப்பு.

மாயக்காள் மட்டும் சிரிக்கவில்லை. “பாவம், பேத்தி போனதுலருந்து மனுசனுக்குப் புத்தி ஒரு நெலையில இல்ல” என்று முணுமுணுத்தபடி பேப்பர்ப் பொட்டலத்தை மடியில் செருகிக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்தாள்.

எதிர்க்கடையில் அடுத்த ஆளுக்குக் கத்தரிக்கோல் சத்தம் கேட்க ஆரம்பித்தது.