பொட்டோடு ஒரு படம்

பொட்டை எடுக்கச் சொன்னது இது இரண்டாவது தடவை. முதல் தடவை குடிவரவு அலுவலகத்து வாசலில். இப்போது மொன்ட்ரியாலின் ஒரு வரலாற்று அருங்காட்சியகத்து வாசலில். இரண்டு தடவையும் சொன்னவர் கிருபானந்தன்தான்.

“தங்கச்சி, கேஸில என்ன எழுதியிருக்கு? மனுசன் செத்திட்டார் எண்டுதானே. பேந்து நெத்தியில பொட்டோட மேடையில இருந்தா?”

“இஞ்ச ஆருக்கு அண்ணை பொட்டைப் பற்றித் தெரியும்?”

“ஆருக்குத் தெரியும் எண்டு ஆருக்குத் தெரியும். விசாரணைக்கு இன்னும் நாலு மாசம் கிடக்கு. கழட்டுங்கோ.”

செல்வமலர் பல்லைக் கடித்துக்கொண்டு ஒட்டுப்பொட்டை உரித்து, கைப்பைக்குள் கிடந்த மெட்ரோ சீட்டில் ஒட்டி வைத்தாள்.

கிருபானந்தன் கெட்ட மனுசன் இல்லை, அதைச் சொல்லாவிட்டால் பாவம். யாழ்ப்பாணத்துக்காரர், ஆங்கிலமும் பிரெஞ்சும் வழவழவென்று வரும். செயின்ட்-மிஷேல் வட்டாரத்தில் இருந்த தமிழ்ச் சனத்தில் பாதிப் பேருக்கு அகதிக் கேஸ் எழுதிக் கொடுத்தவர் அவர்தான். ஆனால் யாருடைய கதையும் அவர் கைக்குப் போனால் இஸ்திரி போட்டுத்தான் திரும்பி வரும். செல்வமலரின் கணவன் பேரின்பநாதன் திருகோணமலையில் சைக்கிள் திருத்தும் கடை வைத்திருந்தவன். எண்பத்தைந்தில் ஆமிக்காரர் அவனைக் கடையில் இருந்தே ஏற்றிக்கொண்டு போனார்கள். அதற்குப் பிறகு இருக்கிறான் என்றும் ஒரு தகவல் இல்லை, இல்லை என்றும் ஒரு தகவல் இல்லை. “காணேல்ல எண்டு எழுதினா, தேடாம ஏன் வந்தனி எண்டு கேப்பாங்கள். செத்தவர் எண்டா கேள்வி முடிஞ்சுது” என்று கிருபானந்தன் எழுதினார். கையெழுத்து வைத்தவள் அவள்தான். மூன்று வருடமாக அந்த ஒரு கையெழுத்து அவளைத் தின்றுகொண்டிருந்தது.

அதனால்தான் அருங்காட்சியகத்தில் வேலை செய்யும் மதலேன் வந்து பேசக் கேட்டபோது அவள் உடனே சம்மதித்தாள். நவம்பர் ஞாயிறுகளில் அங்கே போர்களைப் பார்த்தவர்களைக் கூட்டிவந்து பேச வைப்பார்கள். ஒரு போரையே ஆளுக்கு ஒரு மாதிரித்தான் கண்டிருப்பார்கள், அதை அவரவர் வாயால் கேட்க வேண்டும் என்பது மதலேனின் கொள்கை. ஒரு தடவையாவது உள்ளதை உள்ளபடி சொல்லிவிட வேண்டும் என்பது செல்வமலரின் தவிப்பு.

“நான் சொல்லுறதைப் பிரெஞ்சில அப்படியே சொல்லுவீங்கள்தானே, அண்ணை?”

“ஓம் ஓம்.”

முதலில் ஒரு கிழவர் தன் யுத்தத்தைச் சொன்னார், பிறகு லெபனான்கார ஆசிரியை ஒருத்தி தன்னுடையதைச் சொன்னாள். மூன்றாவதாக செல்வமலர். மைக்கைப் பிடித்தாள். தமிழில் சொன்னாள். மனுசன் ஒரு பச்சைச் சைக்கிளுக்குச் செயின் போட்டுக்கொண்டிருந்ததையும், கை முழுக்கக் கிறீஸோடு லொறியில் ஏறியதையும், ஏறும்போது திரும்பி, “பச்சைச் சைக்கிள் முடிஞ்சுது, ஆள் வந்தா குடுத்துவிடு. நான் வாறன்” என்று சொன்னதையும். சைக்கிள்காரர் வரவேயில்லை என்பதையும். கடைசியில், “அவர் செத்தவர் எண்டு எனக்கு ஒருத்தரும் சொல்லேல்ல. நான் இன்னும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறன்” என்றாள்.

பத்து நிமிடம் பேசியிருப்பாள். கிருபானந்தன் அதைப் பிரெஞ்சில் ஒன்றரை நிமிடத்தில் முடித்தார். அவளுக்குத் தெரிந்த பிரெஞ்சு போன்ஜூர், மெர்சி, இல்லை என்பதற்கு நொன், தெருமுனைத் தெப்பனர்க் கடையில் பால் கேட்பது, அவ்வளவுதான். ஆனாலும் காதைத் தீட்டிக்கொண்டு இருந்தாள். பேரின்பநாதன் என்ற பெயர் ஒரு தடவைகூட வரவில்லை. சைக்கிளைக் காட்ட அவள் கையைச் சுற்றிச் சுற்றிக் காட்டினாளே, அவர் கை பொக்கெற்றை விட்டு வெளியே வரவில்லை.

உடனே மதலேன் எழுந்து ஏதோ சொன்னாள். மண்டபம் முழுவதும் எழுந்து தலையைக் குனிந்து நின்றது. ஒரு சத்தமில்லை.

செல்வமலர் மண்டபத்தைப் பார்த்தாள். இது செத்தவர்களுக்கு நிற்கிற நிற்பு. இது விளங்கப் பிரெஞ்சு வேண்டுமா?

“இருங்கோ” என்றாள். ஒருவரும் அசையவில்லை. “அவர் சாகேல்ல. இருங்கோ எல்லாரும்.” இரண்டு கையையும் கீழே அமர்த்தி அமர்த்திக் காட்டினாள். “நொன். நொன்.”

முன்வரிசையில் நின்ற பெண்மணி ஒருத்தி அழுதுகொண்டு ஓடிவந்து அவளைக் கட்டிப்பிடித்து முதுகைத் தடவினாள். பின்னால் நாலு பேர் மூக்கைச் சிந்தினார்கள். யாரோ ஒரு வெள்ளைப் பூவைக் கையில் திணித்தார்கள். அவள் நொன் என்று சொல்லச் சொல்ல, அந்தப் பெண்மணி இன்னும் இறுக்கிப் பிடித்தாள். கோபத்தில் வந்த கண்ணீரையும் அவர்கள் துக்கத்தில் சேர்த்துக்கொண்டார்கள்.

“எல்லாத்தையும் மாத்திப் போட்டீங்கள்” என்றாள் கிருபானந்தனிடம்.

“கேஸில இருக்கிறதைத்தான் சொன்னன். நாளைக்கு உங்களைத் திருப்பி அனுப்பினா இவையே வந்து மறிப்பினம்?”

 அவளுக்கு அதுதான் பெரிய எரிச்சல். கிருபானந்தன் சொன்னது முழுப் பொய்யும் இல்லை.

படம் எடுக்கக் கூப்பிட்டார்கள். ஆறு மாதம் கூடத்தில் தொங்குமாம். செல்வமலர் ஒரு நிமிடம் என்று விரலைக் காட்டிவிட்டுக் கழிப்பறைக்குப் போனாள். மெட்ரோ சீட்டில் இருந்த பொட்டை உரித்து, கண்ணாடியைப் பார்த்து நடு நெற்றியில் வைத்து அழுத்தினாள். பசை கொஞ்சம் போயிருந்தது. எச்சில் தொட்டு இன்னொரு தடவை அழுத்தினாள். வெள்ளைப் பூவைக் கைகழுவும் தொட்டியிலேயே விட்டுவிட்டு வந்து நேராக நின்றாள். கிருபானந்தன் கண்ணை உருட்டினார். அவள் கமராவைப் பார்த்தாள்.

டிசம்பரில் இருவரும் போய்ப் பார்த்தபோது படம் சுவரில் இருந்தது. கீழே இரண்டு வரி பிரெஞ்சில்.

“என்ன எழுதியிருக்கு, அண்ணை?”

கிருபானந்தன் தொண்டையைச் செருமினார். “போரில கணவனைப் பறிகுடுத்த விதவை எண்டு.” பிறகு மெல்லிய குரலில், “சொல்லி மாத்திவிடட்டே?” என்றார்.

“வேண்டாம், கேஸ் முடியட்டும்.” அவள் படத்துக்குக் கிட்டப் போய் நெற்றியைப் பார்த்தாள். பொட்டு தெளிவாகத்தான் விழுந்திருந்தது.

“அவருக்கும் பிரெஞ்சு வாசிக்கத் தெரியாது, அண்ணை. வந்தா படத்தைத்தான் பாப்பார்.”