அறுபத்தொரு பேர்

பாறசாலைச் சந்தையில் ரத்னபாயின் மரச்சீனிக் கிழங்குக்கும் மத்திக் கறிக்கும் உச்சி வரை ஆயுள் கிடையாது. அதற்குள் சட்டி காலி. கறியின் ருசி ஒரு காரணம். எழுத்து தெரிந்தவள் என்பது இன்னொன்று. மிஷன் பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்பு முடித்திருந்தாள். கடிதம் வந்தவர்கள் ஒரு கையில் இலையும் மறுகையில் கடிதமுமாக அவள் முன்னால் குந்துவார்கள்.

அவளுக்கே கடிதம் வந்து ஒன்பது மாசம் ஆகியிருந்தது.

அவள் புருஷன் எலியா, ஜெர்மன் சண்டைக்குச் சுமை தூக்கப் பஸ்ராவுக்குப் போனவன். துப்பாக்கி தொட வேண்டாம், ஒரே வருஷம், காக்கிச் சட்டையும் கம்பளியும் உண்டு என்று சந்தையிலேயே பறை அடித்துத்தான் ஆள் எடுத்தார்கள். இப்போது கொல்லம் ஆண்டு 1095; இங்கிலீஷுக்கு 1920. சண்டை முடிந்து வருஷம் ஒன்றைத் தாண்டிவிட்டது. எலியா இன்னும் வரவில்லை.

ஆள் எடுத்த ஆபீஸைத் தேடி நெய்யாற்றின்கரைக்கு நடந்தாள். அந்தக் கட்டிடத்தில் யாரோ கொப்பரை காயப்போட்டிருந்தார்கள். பக்கத்துத் தாலுகா கச்சேரியில் கேட்டால் திருவனந்தபுரம் என்றார்கள். திருவனந்தபுரத்தில் சென்னை என்றார்கள். சென்னைக்கு எழுதினாள். நம்பர் இல்லாமல் ஆளைத் தேட முடியாது என்று பதில் வந்தது. நம்பர் எலியாவின் கழுத்தில் தகரத் துண்டாகத் தொங்குவதாக அவன் முதல் கடிதத்தில் எழுதியிருந்தான்.

"கழுத்தப் பாக்க ஆளு வேணும், ஆளத் தேட கழுத்து வேணும். நல்ல சட்டம்!" என்று சந்தையில் சொல்லிச் சிரித்தாள். அன்று வீட்டுக்குப் போனதும் அழுதாள். மறுநாள் காலையில் அதியன்னூருக்குக் கிளம்பினாள்.

அங்கே குற்றாலிங்கம் பிள்ளை இருந்தார். தலைநகரில் வருஷத்துக்கு ஒரு தடவை கூடும் மகாராஜாவின் சபைக்குத் தாலுகாவின் பிரதிநிதி. தலைப்பாகையும் கறுப்புக் கோட்டும் அணிந்து போய், சர்க்காரிடம் இரண்டு விஷயங்கள் கேட்கலாம். இரண்டுக்கு மேல் கூடாது.

ரத்னபாய் முற்றத்தில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள்.

"பட்டாளம் வெள்ளைக்காரனுக்க காரியமாக்கும். நம்ம சபையில அது வராது," என்றார் பிள்ளை.

"பறை அடிச்சது நம்ம சர்க்காருக்க ஆளுதானே ஐயா? ஆள அனுப்ப அதிகாரம் உண்டு, எங்கேன்னு கேக்க அதிகாரம் இல்லியா?"

பிள்ளை செருமினார். "இந்த வருஷம் ரெண்டு விஷயமும் எழுதியாச்சு. ஒண்ணு குளத்தூர் வாய்க்கால். மத்தது ஒங்க சந்தைக்குத்தான். ஓடு மேஞ்ச கொட்டகை."

"நனஞ்சோண்டு கிழங்கு விக்கலாம் ஐயா. ஆளு உண்டா இல்லியான்னு தெரியாம ஒரு சோலியும் ஓடாது."

கதவுக்குப் பின்னாலிருந்து பிள்ளையின் மனைவி மரகதவல்லியின் குரல் வந்தது. "வாய்க்கால் மூணு வருசமா கேக்கியோ. இன்னும் தண்ணி வரல்ல. அதுக்கு இதக் கேட்டா என்ன?"

பிள்ளை தப்பிக்க ஒரு வழி கண்டுபிடித்தார். "ஒரு ஆளுக்காகச் சபையில எந்திச்சு நிக்க முடியாது. தாலுகாவுல எத்தன பேரு போனான், எத்தன பேரு வரல்லன்னு எழுதிக் கொண்டு வா."

இனி வரமாட்டாள் என்று நினைத்துத்தான் சொன்னார்.

ரத்னபாய் ஒரு நோட்டு வாங்கினாள். பட்டாளத்துக்கு ஆளை அனுப்பிவிட்டுக் காத்திருக்கும் வீட்டுக்காரர்கள் வரலாம் என்று சந்தையில் சொல்லிவிட்டாள். காரக்கோணத்திலிருந்தும் குளத்தூரிலிருந்தும் பெண்கள் வந்தார்கள். வந்தவர்களில் பாதிப்பேர் புருஷன் பெயரை வாயால் சொல்ல மாட்டார்கள்!

"முருகனுக்கு அண்ணன்," என்றாள் சரசம்மா.

"எந்த முருகன்? சாயாக்கடை முருகனா?"

"அதில்ல அக்கா. பழனியில இருக்காருல்லியா, அவருக்கு."

"கணபதியா?"

சரசம்மா வெட்கத்தோடு தலையை ஆட்டினாள். பெயர்களோடு போன மாசமும் கடைசிக் கடிதத்தின் தேதியும் நோட்டில் ஏறின. சிலருக்குக் கடிதமே வந்திருக்கவில்லை. மூன்று வாரத்தில் அறுபத்தொரு பேர். குற்றாலிங்கம் பிள்ளை நோட்டைக் கடைசிப் பக்கம் வரை புரட்டிப் பார்த்தார். பிறகு மைக்கூட்டை எடுத்துவரச் சொல்லி, எழுதி வைத்திருந்த இரண்டில் வாய்க்காலை அடித்தார்.

மாசியில் சபை கூடியது. பிள்ளை எழுந்து கேட்டதும் தயாராக இருந்த பதில் வாசிக்கப்பட்டது. அப்படிப் போனவர்களைப் பற்றித் தனிக் கணக்கு எதுவும் சர்க்காரிடம் இல்லை, அங்கத்தினர் உட்காரலாம்.

பிள்ளை உட்காரத்தான் நினைத்தார். ஆனால் கை நோட்டைத் திறந்துவிட்டது. "கணக்கு என்கிட்ட உண்டு," என்று சொல்லி வாசிக்கத் தொடங்கினார். ஊர், பெயர், போன மாசம். பத்தாவது பெயரில் யாரோ சிரித்தார்கள். இருபதில் சிரிப்பு நின்றது. நாற்பத்திரண்டில் மணி அடித்தது.

"போதும். நோட்டைக் கொடுத்துவிடலாமே," என்றார் தலைமை வகித்த அதிகாரி.

"இன்னும் பத்தொன்பது பேரு உண்டு."

அதிகாரி மணியைத் தள்ளி வைத்தார். "வாசியும்."

வைகாசியில் பிள்ளைக்குப் பதில் வந்தது. ஐம்பத்தெட்டு பேர் உயிரோடு இருந்தார்கள். பெரும்பாலோர் பஸ்ரா முகாமில், சிலர் பம்பாய் ஆஸ்பத்திரியில். அவர்களுக்கு வாசிக்கத் தெரியாத ஓர் இங்கிலீஷ் தாளில் கைரேகை வாங்கி, ஒரு வருஷ ஒப்பந்தத்தை மூன்று வருஷமாக்கியிருந்தார்கள். கடிதங்கள் ஒரு சரக்குக் கிட்டங்கியில் சாக்குச் சாக்காகக் கிடந்தன. எல்லோரையும் கப்பலேற்ற உத்தரவாகிவிட்டது.

மூன்று பேர் காய்ச்சலில் இறந்திருந்தார்கள். அந்த மூன்று வீட்டுக்கும் தபால்காரன் போகும் முன் ரத்னபாய் போனாள். அன்று சந்தைக்கு வரவில்லை.

ஆடிச் சாரலில் ஒரு நாள், கிழங்குச் சட்டிக்கு முன்னால் ஒருவன் வந்து குந்தினான். பாதி உடம்பாகியிருந்தான், கழுத்தில் தகரத் துண்டு. ரத்னபாய்க்கு அகப்பை கையிலிருந்து நழுவியது.

எலியா சும்மா வரவில்லை, ஒரு கதையோடு வந்திருந்தான். "ஒரு நாள் காலைல தொரை ஒரு காயிதத்த வச்சு எனக்க பேரக் கூப்பிட்டான். இவ்வளவு நாளும் நம்பர்தானே விளிப்பான்! பேரக் கேட்டதும் பயந்து போனேன். கொல்லப் போறான்னு நெனச்சு ஜெபம் பண்ணினேன். நமக்க பேரு தொரைக்கு எப்பிடித் தெரிஞ்சுது? இன்னும் பிடிகிட்டல்ல."

"அது பெரிய கத," என்றாள் ரத்னபாய், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "மொதல்ல தின்னுங்க." வாழையிலையை விரித்து, ரெண்டு ஆளுக்கான கிழங்கை அள்ளி வைத்தாள்.