நாற்பத்து மூன்று பேருக்கு ஒரு சேட்டு

நான் கொண்டுபோன நாற்பத்து மூன்று படங்களையும் கடற்படை அதிகாரி மேசையில் பரப்பி வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தபோதுதான் என் விசர்த்தனம் எனக்கே தெரிந்தது. முகங்கள் நாற்பத்து மூன்று. சேட்டு ஒன்று. நீலக்கோடு போட்ட, இடப்பக்கப் பையில் மஞ்சள் கறை விழுந்த, என் புருசன் எமிலியானுஸின் கலியாணச் சேட்டு.

சமாதானம் முறிந்த வருடம் அது. படம் ஒட்டிய புதுப் பாஸ் இல்லாமல் ஒருவரும் கடலுக்குப் போக முடியாது, சனிக்கிழமை மத்தியானத்துக்குள் எங்கள் கரைப் படங்கள் வராவிட்டால் பருவம் முழுக்க வள்ளங்கள் கரையில்தான் என்று அறிவித்திருந்தார்கள். டவுனில் ஸ்ரூடியோ வைத்திருந்த ஏரம்பண்ணர் பிலிம் றோல் முடியுமட்டும் படம் கழுவமாட்டார். என்னிடம் கனடாவிலிருந்து அக்கா அனுப்பிய டிஜிட்டல் கமரா இருந்தது. பங்குச் சுவாமியாரின் அறைவீட்டில் கொம்பியூட்டரும் பிரிண்டரும் இருந்தன. "நான் எடுத்துத் தாறன்" என்று வாய் விட்டுவிட்டேன். "கமராவைத் தூக்கிக்கொண்டு பொம்பிளை உழைக்கிறதோ" என்று எமிலியானுஸின் தாய், மாமி மதலேனா, முகத்தைச் சுளித்தார். எனக்குக் கிடைத்த முதல் உழைப்பு அது. என் புருசனின் படமும் அந்தக் கட்டுக்குள்தான் இருந்தது.

கரையில் நிற்கிற ஆண்களுக்கு இடுப்பில் சாரம்தான், மேலுக்கு ஒன்றுமில்லை. பாஸ் படத்துக்கோ கொலர் வைத்த சேட்டு வேண்டும். பொத்துகிற வலையை அப்படியே போட்டுவிட்டு வீட்டுக்குப் போய் உடுத்துவர யாருக்குப் பொறுமை? எமிலியானுஸின் சேட்டையே ஒவ்வொருவருக்கும் மாட்டினேன். மெலிந்தவர்களுக்கு முதுகில் உடுப்புக் கிளிப். பருத்தவர்களுக்குக் கீழ்ப் பொத்தான்கள் திறந்தபடி. நெஞ்சுக்குக் கீழே படத்தில் விழாதுதானே.

"இது கொம்பியூட்டர் வேலை," என்றார் அதிகாரி, தனக்குத் தெரிந்த தமிழில். "உடம்பு ஒண்டு. தலை மட்டும் வேற வேற. யாரை ஒளிக்கிற?"

அந்த நாட்களில் அப்படியொரு கேள்விக்குப் பின்னால் என்னென்ன வரும் என்று எல்லாருக்கும் தெரியும்.  ஆனால் பயத்தை முந்திக்கொண்டு கோபம் வந்தது. இரண்டு நாள் வெயிலில் நின்று எடுத்த படத்தைக் கள்ளப் படம் என்கிறாரே.

"சேர், ஆக்கள் வேலிக்கு வெளியில நிக்கினம். சேட்டும் கமராவும் என்ர பைக்குள்ள கிடக்கு. கூப்பிட்டுப் போட்டுப் பாருங்கோ."

முதலில் யாகப்பர் வந்தார். ஈர்க்கில் மாதிரி ஆள். கிளிப்பைக் குத்தி, அங்கேயே எடுத்து, கமராவின் சின்னத் திரையைப் படத்துக்குப் பக்கத்தில் பிடித்தேன். அதிகாரியின் முகம் இளகவில்லை. அடுத்தது செபமாலை அண்ணர், எங்கள் கரையிலேயே பெரிய வயிறு.

"எல்லாப் பட்டனும் போடு," என்றார் அதிகாரி.

செபமாலை அண்ணர் மூச்சை இழுத்துப் பிடித்துப் போட்டார். எவ்வளவு நேரம்தான் பிடிப்பது? விட்டார். நடுப் பொத்தான் தெறித்துப் போய் அதிகாரியின் தேத்தண்ணிக் கோப்பையில் டிங் என்று பட்டது. வாசலில் நின்ற கடற்படைக்காரன் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். அதிகாரி பொத்தானை எடுத்துப் பார்த்தார், வயிற்றைப் பார்த்தார், பிறகு தோள் குலுங்கச் சிரித்தார். சிரிப்பு அடங்க முன்னமே முத்திரையைக் கையில் எடுத்தார். நாற்பத்து மூன்றிலும் ஊதா மை விழுந்தது. பொத்தானை என் உள்ளங்கையில் வைத்தார்.

வெளியே வந்தபோது கொடியேற்றத்துக்கு வந்த சனம் போல என்னைச் சுற்றிக்கொண்டார்கள். எனக்கு நிலத்தில் கால் பாவவில்லை.

மறுநாள் பூசை முடிந்து வந்து பார்த்தால் மாமி ஊசியும் நூலுமாக இருந்தார், மடியில் அந்தச் சேட்டு.

"விடுங்கோ மாமி, நான் தைக்கிறன்."

"நீ போய் உன்ர கமராவை எடு. அடுத்த சனி தங்கட முறையெண்டு பக்கத்துக் கரை ஆக்கள் வந்து நிக்கினம்."

எட்டிப் பார்த்தேன். வேலியோரம் இருபது ஆண்கள், சாரத்தோடு, வெறும் மேலோடு, தலையை மட்டும் தண்ணி தொட்டு வாரி இழுத்திருந்தார்கள். ஒருவரும் என்னைப் பார்க்கவில்லை. மாமி பல்லால் நூலைக் கடிக்கிற வரைக்கும் அத்தனை கண்ணும் சேட்டில்தான் இருந்தது.