சுக்கானில் எழுதிய பெயர்

சுக்கானின் பின்பக்கம் மெல்லத் தாழ்ந்தது. செல்வரட்ணம் அதைத் தூக்கி நேராக்கிவிட்டுக் கையை எடுத்தான். மறுபடியும் தாழ்ந்தது. விமானத்தின் வாலிலிருந்து அதைக் கழற்றி, கீல்கள் இரண்டையும் தாங்கிகளில் வைத்திருந்தான். முன்னும் பின்னும் எடை சரியாக இருந்தால் அது விட்ட இடத்தில் நிற்க வேண்டும். நம்ப மனமில்லாமல் திரும்பத் திரும்ப நேராக்கிப் பார்த்தான்.

அந்தச் சுக்கானின் இரண்டு பக்கமும், சிவப்புப் பூச்சின் மேல் வெள்ளை எழுத்தில் அவனுடைய மனைவியின் பெயர் இருந்தது: தவமணி.

எழுதச் சொன்னவன் பீற்றர். டென்மார்க்கில், பிரெடெரிசியா நகருக்கு வெளியே, புல் ஓடுபாதையின் ஓரத்தில் இருந்த இந்தக் கொட்டகையும் சிறிய விமானமும் அந்த டேனிஷ்காரனுடையவை. நல்ல மனம், பொறுமைதான் மருந்துக்கும் கிடையாது. பந்தயத்துக்காக இறக்கைகளின் நுனியை வெட்டினான். பெரிய என்ஜின் போட்டான். பாரம் குறையட்டும் என்று சுக்கானின் முன்முனையில் சமநிலைக்காக இருந்த ஈயக் கட்டியிலும் பாதியைச் சீவி எடுத்தான். கொழும்புப் பக்கம் ரத்மலானையில் விமானம் திருத்தப் படித்த செல்வரட்ணத்துக்கு வேலை கொடுத்தவனும் அவனே. நாளைப் பந்தயத்துக்குப் பத்திரிகைக்காரர்கள் வருவார்கள், வாலில் இருப்பது யார் பெயர் என்று கேட்பார்கள். அகதிகளின் மனைவிமாரை அழைக்கும் விண்ணப்பங்கள் கொப்பன்ஹேகனில் தூங்குகின்றன, இவள் கொழும்பு லொட்ஜ் ஒன்றில் காத்திருக்கிறாள் என்று அப்போது சொல்லப்போகிறேன் என்றிருந்தான் பீற்றர்.

அதற்குப் பெயின்ற் அடித்த யாழ்ப்பாணத்துப் பையன் றொபேட் துணியில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தான்.

"எத்தினை தரம் அடிச்சனி?" என்று செல்வரட்ணம் கேட்டான்.

"ஆறு தரம், அண்ணை. வள்ளத்துக்கு அடிக்கிற மாதிரி. தண்ணி கிட்டவும் வராது."

கடலோரக் குருநகரில் வள்ளங்களுக்கு அடித்துப் பழகிய கை. மெல்லிசாக அடிப்பது அங்கே கஞ்சத்தனம். செல்வரட்ணம் பின்னோரத்துப் பூச்சின் தடிப்பை நகத்தால் தடவிப் பார்த்தான். முன்னால் பாரம் குறைந்து பின்னால் ஏறியிருக்கிறது. வேகம் கூடும்போது சுக்கான் படபடக்கத் தொடங்கினால், வால் பிய்ந்துபோகக் கண்மூடித் திறக்கும் நேரம் போதும்.

கோப்பிக் கோப்பையோடு வந்த பீற்றர் சுக்கான் தாழ்வதைப் பார்த்தான். அவனும் என்ஜினியர். விளக்கம் தேவைப்படவில்லை.

"நடுங்கினால் வேகத்தைக் குறைப்பேன்," என்றான் டேனிஷில்.

"குறைக்க நேரம் இராது. உனக்கும் தெரியும்."

"புதிதாக ஈயம் வார்த்துப் பொருத்த நாளாகும், பந்தயம் போய்விடும். உன் மனைவிக்காகவும்தானே பறக்கிறேன், செல்வா."

அது உண்மை. அதுதான் வலித்தது. போன கிழமை தொலைபேசியில் தவமணி சிரித்தாள்: "எனக்கு முந்தி என்ரை பேர் அங்க வந்திட்டுது, என்ன?" பத்திரிகையில் அவள் பெயர் வருவதை அவன் எவ்வளவு ஆசையோடு எதிர்பார்த்தான் என்பது அவனுக்குத்தான் தெரியும். பீற்றர் இப்படியே பறந்தால் ஒருவேளை ஒன்றும் நடக்காது. அந்த "ஒருவேளை"யை அவன் மனதில் வைத்துப் பார்த்தான். பீற்றரின் தலைக்கு மேல் அதை வைக்க மனம் வரவில்லை.

பூச்சைத் தேய்த்துப் பாரத்தைக் குறைக்க உப்புத்தாளை எடுத்தான்.

"அண்ணை, அண்ணியின்ரை பேர்!" றொபேட் கையைப் பிடித்தான்.

"பேர்தானேடா. பிறகு எழுதலாம். அப்ப ஒரு தரம் மட்டும் அடி."

"நீ தேய்த்தால் திரும்பப் பூசிக் காய நேரமில்லை. நாளைக்குப் பந்தயத்தில் நான் இல்லை," என்றான் பீற்றர்.

"தேய்க்காவிட்டால்?"

பந்தயத்திலிருந்து விலகுவதாகச் சொல்லப் பீற்றர் சுவரில் இருந்த தொலைபேசியிடம் போய், அதை எடுத்தான். எண்ணைச் சுழற்றாமல் கையில் வைத்தபடி நின்றான்.

செல்வரட்ணம் 'த'வில் தொடங்கினான். பெயின்ற் இலேசில் விடவில்லை. நல்ல வேலைக்காரனின் வேலை. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்த றொபேட், மூக்கை உறிஞ்சிவிட்டு, மறுபக்கம் போய்க் கடைசி எழுத்திலிருந்து தேய்த்தான். இருவர் கைகளும் சிவந்தன. 'தவ' போய் இந்தப் பக்கம் 'மணி' மட்டும் நின்றபோது, செல்வரட்ணம் சுக்கானை நேராக்கிவிட்டுக் கையை எடுத்தான்.

மூவரும் பார்த்தார்கள். தாழ்ந்தது, முன்னைவிட மெதுவாக.